மெல்ல எரியும் மருந்து

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிட்டு வருவது சிலருக்கு மனம் ஒப்பாத காரியம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள பிஸ்லியில் 1890 முதல் துப்பாக்கிப் போட்டிகள் நடக்கின்றன. அங்கிருந்து வீடு திரும்பும் போட்டியாளர்களில் பலர் காலிக் கூடுகளைப் பையில் கட்டி எடுத்துப் போவார்கள். அவற்றைத் துலக்கி, பழைய பிரைமர் என்ற தீமூட்டியைத் தட்டி எடுத்து, புதியதை அழுத்திப் பொருத்துவார்கள். பிறகு தராசில் நிறுத்த மருந்தைப் புனல் வழியே கொட்டி, மேலே குண்டைச் செருகினால் தோட்டா மறுபடி தயார். இதற்கு ரீலோடிங் என்று பெயர். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறைவு என்பது ஒரு காரணம்தான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு உண்டு, அதற்குப் பிடித்த அளவைக் கண்டுபிடித்துப் பரிமாற வேண்டும் என்பதே உண்மையான ஈர்ப்பு. எந்த மருந்து, எத்தனை கிரெய்ன், எந்தக் குண்டு, என்ன வேகம் என்று வருஷக்கணக்காகக் குறித்து வைத்த நோட்டு ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். பாட்டியின் ஊறுகாய்க் கணக்குபோல அது கைமாறிப் போகாத சொத்து.

2018-ஆம் ஆண்டின் கோடையில் அந்த நோட்டுகளில் பல பக்கங்கள் ஒரே அடியாகச் செல்லாக்காசு ஆயின. ஐஎம்ஆர் 4064, ஐஎம்ஆர் 4895, வார்கெட், எச் 4350 என்று அதில் எழுதியிருந்த மருந்துகள் பிரிட்டிஷ் கடைகளின் அடுக்குகளிலிருந்து இறங்கிவிட்டன. அவற்றால் விபத்து எதுவும் நடக்கவில்லை. காவல்துறை தடை போடவில்லை. துப்பாக்கிச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேலையைச் செய்து முடித்தது பெயின்ட், பொம்மை, பிளாஸ்டிக் குழாய் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வேதிப்பொருள் சட்டம்.

மருந்தைப் பார்த்துச் சட்டம் பயப்படுவது புதிதல்ல. ஆனால் எதற்காகப் பயப்படுகிறது என்பது இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது.

அன்று: வெடித்தால் என்ன ஆகும்?

1874 அக்டோபர் 2, விடியும் முன். லண்டன் ரீஜண்ட் கால்வாயில் வரிசையாக இழுத்துச் செல்லப்பட்ட படகுகளில் ஒன்று ‘டில்பரி’. அதில் சர்க்கரை, கொட்டை இவற்றோடு ஏறக்குறைய ஐந்து டன் கருமருந்தும், பெட்ரோலிய எண்ணெயும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. மாக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்துக்கு அடியில் வந்தபோது எண்ணெயின் ஆவி தீப்பற்றியது. படகில் இருந்த மூவரும் மாண்டார்கள். பாலம் தூளாயிற்று. அதைத் திரும்பக் கட்டிய பிறகும் லண்டன்காரர்கள் அதை ‘வெடித்த பாலம்’ என்றே அழைக்கிறார்கள்.

மறு ஆண்டே பிரிட்டனின் வெடிபொருள் சட்டம் வந்தது. 1875-இன் அந்தச் சட்டத்தின் மனம் முழுவதும் கண நேரத்தில் நடப்பதைப் பற்றியே இருந்தது. ஒரு கொட்டகையில் எவ்வளவு மருந்து வைக்கலாம், அடுத்த கொட்டகை எத்தனை தூரத்தில் இருக்க வேண்டும், எதோடு எதைச் சேர்த்து ஏற்றக் கூடாது, பொறி கிளப்பும் இரும்புக் கருவியை எங்கே நுழைய விடக் கூடாது. எல்லாம் எடை, தூரம், தீப்பொறி. மருந்து வெடிக்காமல் இருந்தால் சட்டத்துக்கு நிம்மதி. அதை அள்ளும் தொழிலாளியின் நுரையீரலுக்குள் என்ன போகிறது, தரையில் சிந்தியது எந்தக் கிணற்றில் போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அதன் கேள்வித்தாளில் இல்லை.

பத்து ஆண்டுக்குள் மருந்தே மாறிப்போனது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் இடித்துச் செய்த கருமருந்தின் இடத்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வந்தது. பருத்தியை அமிலத்தில் ஊறவைத்துப் பெறும் இதை 1846-இல் பாசல் நகரத்துக் கிறிஸ்டியன் ஷோன்பைன் உலகுக்கு அறிவித்திருந்தார். ஆனால் அது துப்பாக்கிக்குள் அடங்காத முரடு. 1884-இல் பிரான்சின் பால் வியேல் அதைக் கூழாக்கி, தகடாக இழுத்து, நறுக்கி அடக்கினார். ஆல்ஃபிரட் நோபல் 1887-இல் நைட்ரோகிளிசரினோடு கற்பூரத்தையும் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார். நம் வீட்டுப் பூஜையறையில் நடப்பதே அங்கும் நடந்தது: டப்பாவில் வைத்த கற்பூரம் காற்றில் கரைந்து, மருந்தின் குணத்தை மாற்றியது. 1889-இல் பிரிட்டனில் ஆபெலும் டியூவரும் கற்பூரத்தை விட்டு வாசலினைச் சேர்த்து, இடியாப்பம்போலப் பிழிந்து எடுத்த மருந்துதான் கார்டைட். அக்காலத்து 303 ரைபிள் தோட்டாவுக்குள் அந்த இழைகள் கட்டாக இருந்தன. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட தொழிற்சாலையை நீலகிரிக்காரர்கள் இன்றும் ‘கார்டைட் பாக்டரி’ என்று சொல்வது அந்த இழைகளின் பெயரால்தான்.

உள்ளுக்குள் கெடும் பண்டம்

புகையில்லா மருந்துக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. சும்மா இருக்கும்போதே அது மெல்லச் சிதையும். சிதைவில் பிறக்கும் அமில வாயு மேலும் சிதைவைத் தூண்டும். வெப்பம் சேர்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். இதைப் பிரெஞ்சுக் கடற்படை மிகக் கொடிய முறையில் கற்றது. 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் ‘இயேனா’ போர்க்கப்பலின் மருந்து அறை வெடித்து ஏறத்தாழ 120 பேர் இறந்தார்கள். 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் ‘லிபெர்த்தே’ வெடித்தது. இறந்தவர்கள் 200-க்கும் மேல். எதிரி யாரும் சுடவில்லை. மருந்து உள்ளுக்குள் கெட்டிருந்தது.

தீர்வு டைஃபீனைலமைன் என்ற பொருளாக வந்தது. சிதைவில் எழும் வாயுவை அது பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், சங்கிலி தொடராது. ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவு போதும், மருந்து பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். அன்றைக்கு அது உயிர் காத்த பொருள். அதன் பெயரை யாரும் நச்சுப் பட்டியலில் தேடவில்லை.

இன்னொரு சிக்கல் எரியும் வேகம். துப்பாக்கிக் குழலுக்குள் எல்லாம் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டில் முடிகிறது. அந்தச் சிறு பொழுதுக்குள்ளும் நிதானம் வேண்டும். குண்டு நகரத் தொடங்கும் முன்பே மருந்து முழுவதும் எரிந்தால் குழல் பிளக்கும். குண்டு நகர்ந்து பின்னால் இடம் விரிய விரிய எரிதலும் கூடிக்கொண்டே போக வேண்டும். அதற்காக ஒவ்வொரு மணியின் மேல்தோலிலும் எரிதலைத் தடுக்கும் ஒரு பூச்சை ஏற்றினார்கள். முதலில் தயங்கிப் பற்றும், தோல் எரிந்தபின் வேகம் பிடிக்கும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் முதல் உலகப்போர்க் காலத்தில் கொண்டுவந்த ஐஎம்ஆர் வரிசை மருந்துகளின் வெற்றிக்குக் காரணம் இந்தப் பூச்சு. அதற்குப் பயன்பட்ட பொருள் டைநைட்ரோடொலுவின். பின்னாளில் வந்த உருண்டை மணி மருந்துகளில் அதே வேலையை டைபியூட்டைல் தாலேட் என்ற எண்ணெய்போன்ற திரவம் செய்தது.

வெடிமருந்துக்காரரின் வித்தை வேகத்தில் இருப்பதாக வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அது முழுக்க முழுக்கத் தாமதத்தின் வித்தை. சட்டம் பிற்காலத்தில் கை வைத்ததும் சரியாக அந்தத் தாமதத்தின்மேல்தான்.

பீப்பாய்க் காலம்

ரீலோடிங் பரவலான பொழுதுபோக்காக மாறியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. அமெரிக்க அரசிடம் 4895 என்ற ராணுவ மருந்து மலைமலையாக மிஞ்சியிருந்தது. கான்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் தன் ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் வாங்கி 50,000 பவுண்டு மருந்தை எடுத்தார். வைப்பதற்கு இடம்? மேய்ச்சல் நிலத்தில் பழைய சரக்கு ரயில் பெட்டி ஒன்றை நிறுத்தி அதற்குள் அடுக்கினார். 1947-இல் பத்திரிகையில் சின்ன விளம்பரம் போட்டு, 150 பவுண்டுப் பீப்பாயை 30 டாலருக்கு விற்றார். குழந்தைகளும் மனைவியும் பொட்டலம் கட்ட, வீட்டுத் தொழிலாகத் தொடங்கியது பிறகு பெரிய நிறுவனமாயிற்று. 2003-இல் ஐஎம்ஆர் பெயரையே அது வாங்கிக்கொண்டது. ஹாட்ஜ்டன் விற்ற மருந்துகள் எல்லாம் அமெரிக்காவில் செய்தவை அல்ல. ஐஎம்ஆர் கனடாவின் கியூபெக்கில் வாலிஃபீல்டிலும், வார்கெட், எச் 4350 போன்றவை ஆஸ்திரேலியாவில் மரி நதிக்கரை முல்வாலாவிலும் பிறந்தவை.

அந்தக் காலத்து டப்பாக்களின் எச்சரிக்கை வாசகங்களைப் பார்த்தால் 1875-இன் குரலே கேட்கும். நெருப்பிலிருந்து விலக்கி வை, குழந்தை கைக்கு எட்டாமல் வை, வேறு மருந்தோடு கலக்காதே. டப்பாவுக்குள் என்னென்ன இருக்கிறது என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

மண் மட்டும் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பராபூ அருகே 1942-இல் கட்டப்பட்ட பேட்ஜர் ராணுவ வெடிமருந்து ஆலை, இரண்டாம் உலகப்போர், கொரியா, வியட்நாம் என்று மூன்று போர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு 1975-இல் ஓய்ந்தது. ஆலை நின்று பல ஆண்டுகள் கழிந்தபின் நிலத்தடி நீரில் டைநைட்ரோடொலுவின் தென்பட்டது. அது ஆலையின் எல்லைக்குள் நிற்காமல் பக்கத்துக் கிணறுகளை எட்டியிருந்தது. ரீஜண்ட் கால்வாயில் ஒரு நொடியில் நடந்தது இங்கே அரை நூற்றாண்டில், சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

இன்று: வெடிக்காவிட்டால் என்ன ஆகும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்ற வேதிப்பொருள் சட்டம் 2007 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை ஹெல்சிங்கியில் இருக்கிறது. இந்தச் சட்டம் பாரத்தை இடம் மாற்றியது. ஒரு பொருள் ஆபத்தானது என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை, பாதுகாப்பாகக் கையாளலாம் என்று செய்பவரும் இறக்குமதி செய்பவரும் ஆதாரம் காட்ட வேண்டும். மிகுந்த கவலைக்குரியவை என்று குறிக்கப்பட்ட பொருட்கள் படிப்படியாக அனுமதிப் பட்டியலுக்கு ஏறும். ஏறியபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. கெடு தாண்டினால், தனி அனுமதி வாங்காமல் ஐரோப்பாவில் அதை விற்கவோ பயன்படுத்தவோ முடியாது.

2008-இல் வெளியான முதல் கவலைப் பட்டியலிலேயே டைபியூட்டைல் தாலேட் இருந்தது. ஐரோப்பாவுக்கு அது பழைய அறிமுகம்தான். நகப்பூச்சு வெடிக்காமல் வளைந்து கொடுப்பதற்காக ஒரு காலத்தில் அதைச் சேர்த்தார்கள். இனப்பெருக்கத்துக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு என்று கண்டபின் அழகுப் பொருட்களிலிருந்தும் பொம்மைகளிலிருந்தும் விலக்கினார்கள். நகப்பூச்சிலிருந்து துரத்தப்பட்ட பொருள் தோட்டாவுக்குள் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. 2010-இல் டைநைட்ரோடொலுவின் புற்றுநோய் ஐயத்தின் பேரில் பட்டியலுக்கு வந்தது. முன்னதற்கு 2015 பிப்ரவரி 21, பின்னதற்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 21 என்று கெடு விழுந்தது. கலவையில் தாலேட் 0.3 விழுக்காட்டை எட்டினாலே அப்போது சட்டம் விழித்துக்கொண்டது, டைநைட்ரோடொலுவினுக்கோ 0.1 விழுக்காடு. பழைய மருந்துகளின் பூச்சில் இவை சில விழுக்காடுகள் வரை இருந்தன. சுருக்கிச் சமாளிக்கும் தூரம் அல்ல அது.

சட்டம் எழுதியவர்கள் துப்பாக்கிக்காரர்களை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தாலேட்டின் பெரும் பங்கு பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் போனது, மருந்து மணிகளின் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். அனுமதிக்கு விண்ணப்பிக்க ஆகும் செலவையும் ஆய்வையும் அவ்வளவு சிறிய சந்தைக்காகச் சுமக்க யாருக்கு ஆசை வரும்? சட்டம் நேராகத் தடுத்தது பாதி, கணக்குப் போட்டுப் பார்த்த வியாபாரி கைவிட்டது பாதி. பாதுகாப்புக்கான ஆதாரத்தைக் கொடுத்துப் பொருளைப் பதிவு செய்ய ரீச் சட்டம் வைத்த கடைசிக் கெடு 2018 மே 31. அதையொட்டிய வாரங்களில்தான் பிரிட்டனின் அடுக்குகள் காலியாயின. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2021 முதல் தனக்கென்று ஒரு ரீச்சை அது வைத்துக்கொண்டது, பழைய பட்டியலையும் சேர்த்து.

இந்தச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்றால் குறிப்பிட்ட பொருட்களுக்கு உறுப்பு நாடுகள் விலக்கு அளிக்கலாம் என்கிறது இரண்டாவது பிரிவு. ஆக, ஞாயிற்றுக்கிழமை காகித இலக்கைத் துளைப்பவர் தொடக் கூடாத பூச்சை ராணுவத்துக்காகத் தொடர்ந்து ஏற்றலாம். கருவிலுள்ள குழந்தைக்குச் சிப்பாயின் மருந்தும் ஒன்றுதான், போட்டியாளரின் மருந்தும் ஒன்றுதான். ஆனால் ராணுவத்துக்கு ஒரு மருந்தை மாற்றுவதென்றால் அதோடு பழகிய ஆயுதங்களையும் கிடங்குகளையும் எல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் சட்டத்தின் குரல் இறங்கிவிடுகிறது.

புதிய அடுக்கு

காலியான இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிரப்பினார்கள். 1922-இல் தொடங்கிய பின்லாந்தின் விக்தாவூரி, சுவிட்சர்லாந்தின் விம்மிஸ் ஆலையிலிருந்து வரும் ரீலோட் சுவிஸ், செக் நாட்டின் பார்டுபிட்செ நகரத்து லோவெக்ஸ் ஆகியவை இன்று பிரிட்டிஷ், ஐரோப்பிய மேசைகளில் அதிகம் புழங்கும் பெயர்கள். வாலிஃபீல்டிலிருந்தும் எண்டியூரான் என்ற புதிய வரிசை வந்தது. வெப்பம் ஏறி இறங்கினாலும் வேகம் மாறாது என்பதோடு, சுற்றுச்சூழலுக்குத் தீங்கான மூலப்பொருள் இல்லை என்பதையும் ஒரு சிறப்பாக அதன் விளம்பரம் சொன்னது. வெடிமருந்து டப்பா ‘தீங்கற்றது’ என்று தன்னை விற்றுக்கொள்ளும் காலம் வரும் என்று புரூஸ் ஹாட்ஜ்டனின் ரயில் பெட்டிக் காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எரிதலைத் தாமதிக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. சென்ட்ரலைட் என்ற பழைய நிலைநிறுத்திப் பொருள் பூச்சாகவும் பயன்படும். நோபலைக் கைவிட்ட கற்பூரமும் மணிகளின் மேற்தோலில் ஊறித் தாமதம் தரும் வேலைக்கு நெடுநாளாகப் பழகியதுதான். ஆனால் பூச்சு மாறினால் மருந்தின் சுபாவம் மாறும். அதே எண்ணைப் பெயரில் தாங்கி வந்தாலும் அது வேறு மருந்து. பழைய நோட்டில் எழுதிய அளவை அப்படியே கொட்டினால் அழுத்தம் எல்லை மீறலாம். அதனால் கீழிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் வேகமானியையும் பிரைமரின் முகத்தையும் பார்த்து, மறுபடி முதல் வகுப்பிலிருந்து படித்து வர வேண்டும். இதில் சட்டம் எண்ணிப் பார்க்காத ஒரு முரண் இருக்கிறது: மெல்ல வரும் கேட்டைத் தவிர்க்கப் போய், உடனடி ஆபத்துக்கு ஒரு சிறு கதவைத் திறக்கிறது. பொறுமையுள்ளவர் அதை மூடிவிடுவார். அவசரக்காரர் கையில் அது திறந்தே இருக்கும்.

துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் இன்னொரு வாதமும் தள்ளிவிடக் கூடியதல்ல. ரீலோடிங் மேசையிலும் உள்ளரங்கச் சுடுகளத்திலும் அவர்கள் உடலுக்குள் போகும் நஞ்சில் பெரியது ஈயம். குண்டில் ஈயம், பிரைமரில் ஈயக் கலவை, காற்றில் ஈயத் தூசி. மருந்து மணியின் பூச்சு அதற்கு முன் சுண்டைக்காய். இதற்குப் பதில் என்று எடுத்துக்கொண்டால், சட்டம் அங்கும் வந்துகொண்டிருக்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் ஈயச் சிதறுகுண்டு சுட முடியாது. மேலும், தாலேட்டையும் டைநைட்ரோடொலுவினையும் சுடுபவர் கொஞ்சமாகத்தான் தொடுகிறார். மூட்டை மூட்டையாகத் தொடுபவர் ஆலைத் தொழிலாளி. பராபூவின் கிணற்று நீரைக் குடித்தவர் துப்பாக்கியே வைத்திராதவராகவும் இருக்கலாம்.

தூலோனுக்குப் பிறகு உயிர் காத்த டைஃபீனைலமைனும் இன்று நிம்மதியாக இல்லை. அதே பொருளை ஆப்பிள் பழத்தின் தோல் சேமிப்பில் பழுப்பாகாமலிருக்கத் தெளித்துவந்தார்கள். அதிலிருந்து நைட்ரோசமைன்கள் உண்டாகுமோ என்ற ஐயம் தீராததால் ஐரோப்பா அதை ஆப்பிளிலிருந்து விலக்கியது. மருந்து மணிக்குள் அது இன்னும் இருக்கிறது. வாயுவைப் பிடித்துக்கொள்ளும்போது அங்கே அது நைட்ரோசமைனாகத்தான் மாறுகிறது. அதுதான் அதன் வேலையே. இதை எடுத்துவிட்டால் கப்பல் வெடிக்கும், வைத்துக்கொண்டால் பட்டியல் உறுத்தும்.

2022-இல் உக்ரைன் போர் மூண்டபின் கேள்வி இன்னொரு பக்கம் திரும்பியது. பீரங்கிகளுக்கு மருந்து போதவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் தட்டுப்பாடு உலகம் முழுவதும் பரவியது. பிரான்ஸ் பெர்ஜராக்கில் மருந்து உற்பத்தியைத் திரும்பத் தொடங்க முடிவெடுத்தது, 2024-இல் அதிபர் மக்ரோன் அங்கே நேரில் போய் வந்தார். பட்டியலைத் தாண்டி வந்த புதிய டப்பாக்களுக்கும் கடைகளில் வரிசை நின்றது. எந்த மருந்து தீங்கில்லாதது என்ற பேச்சு போய், எந்த மருந்தாவது இருக்கிறதா என்ற பேச்சு வந்தது.

இருந்தாலும் பட்டியல் தளரவில்லை. 1875-இன் சட்டம் நொடியைப் பார்த்தது, இன்றைய சட்டம் தலைமுறையைப் பார்க்கிறது. முன்னதன் நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. பாலம் இடிந்ததை ஊரே பார்த்தது. பின்னதற்குச் சாட்சியாகக் காட்ட இடிந்த பாலம் இல்லை. பிறக்காத குழந்தையும் வராத நோயும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பிஸ்லியில் ஐஎம்ஆர் போனதைச் சொல்பவர் குரலில் இன்றும் யாரோ காரணமில்லாமல் பறித்துப் போன வருத்தம்.

அவர் மேசையில் புதிய டப்பா. நோட்டில் புதிய பக்கம். பழைய அளவைவிடக் குறைத்து முதல் வரியை எழுதி, தராசின் முள் அசைவு நிற்கும்வரை காத்திருக்கிறார். அவர் கைக்கு நிதானம் புதிதல்ல. சட்டமும் அதே நிதானத்தைத்தான், வேறொரு காலக் கணக்கில், கேட்கிறது.